இண்டி ராக் டிரம்ஸ் பழக எந்தப் புத்தகம் வாங்கலாம்?

கேள்வி: எங்கள் வீடு தவில் வீடு. நானும் பத்தாம் வகுப்பு வரை சித்தப்பாவிடம் வாசிக்கக் கற்றேன். இப்போது தஞ்சாவூரில் கல்லூரி. நண்பர்கள் கிடாரும் பேஸ் கிடாரும் வைத்துக்கொண்டு இண்டி ராக் (பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராத குழுக்களிலிருந்து வளர்ந்த ராக் பாணி) வாசிக்கிறார்கள். டிரம்ஸுக்கு என்னை இழுத்துவிட்டார்கள். ஸ்ட்ரோக்ஸ், ஆர்க்டிக் மங்கீஸ், ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் குழுக்கள் மாதிரி வாசிக்க ஆசை. இங்கே உள்ள வாத்தியார்கள் சினிமாப் பாட்டுதான் சொல்லித் தருகிறார்கள். ஆன்லைனில் தேடினால் புத்தகங்கள் கொட்டுகின்றன. ஒன்று 400 ரூபாய், ஸ்பைரல் பைண்டிங். இன்னொன்று 3,000 ரூபாய்க்கு மேல். எதை வாங்குவது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: அட்டையில் ‘இண்டி’ என்று போட்ட புத்தகத்தைத் தேடி அலையாதீர்கள், தம்பி. அந்தப் பாணிக்கென்று தனியாக ஒரு கைவித்தை கிடையாது. சாதாரண ராக் தாளங்களைக் குறைவாகவும் இறுக்கமாகவும் வாசிப்பதுதான் அதன் அழகு. 1960களில் வெல்வெட் அண்டர்கிரவுண்ட் குழுவின் மோரீன் டக்கர் நின்றுகொண்டே வாசித்தார். வழக்கமாகக் காலால் மிதித்து வாசிக்கும் பெரிய பேஸ் டிரம்மைப் படுக்க வைத்துக் கொட்டினார், சிம்பல் என்கிற உலோகத் தட்டைப் பெரும்பாலும் தொடவே இல்லை. 1970களில் ஜெர்மனியின் நொய் குழுவில் கிளாஸ் டிங்கர் ஒரே தாளத்தை நிமிடக்கணக்காக நிறுத்தாமல் ஓட்டினார். ஸ்ட்ரோக்ஸின் முதல் ஆல்பம் 2001இல் வந்தது. அதில் ஃபேப்ரிசியோ மொரெட்டியைக் கேளுங்கள். மெஷின் மாதிரி நேராகப் போவார், உருட்டல் அபூர்வம். தனி ஆவர்த்தனம் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் ‘இவர் என்னப்பா சும்மா தட்டிக்கொண்டிருக்கிறார்’ என்றுதான் தோன்றும். வாசித்துப் பாருங்கள். நான்கு நிமிடம் வேகம் கூடாமல் குறையாமல், கை அரிக்கிற இடத்தில் எல்லாம் அடங்கி இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. உங்களுக்கு அதுதான் கடினமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லோரும் அடக்கி வாசிப்பவர்கள் என்றும் இல்லை. ஆர்க்டிக் மங்கீஸின் மேட் ஹெல்டர்ஸ் 2006இல் வந்த முதல் ஆல்பத்திலேயே புயல் மாதிரி வாசித்திருப்பார். அதைப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிடிக்க வேண்டியது, 2000களின் நடுவில் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்ட் மாதிரிக் குழுக்கள் எல்லாம் எடுத்துக்கொண்ட டிஸ்கோ தாளம். கிக் (காலால் மிதிக்கும் பேஸ் டிரம் அடி) நான்கு எண்ணிக்கையிலும் விழும். ஸ்நேர் (முன்னால் இருக்கும் சின்ன டிரம்) இரண்டிலும் நான்கிலும். வலது கை ஹை-ஹாட்டில் (இடது காலால் திறந்து மூடும் ஜோடி சிம்பல்) எண்ணிக்கைக்கு இரண்டு அடியாகப் போகும். ஒரு எண்ணிக்கையை ‘தகதிமி’யில் சொன்னால் ‘த’வில் கிக், ‘தி’யில் இடது கால் லேசாகத் தூக்கி ஹை-ஹாட் ‘ஸ்ஸ்’ என்று திறக்க வேண்டும். அடுத்த ‘த’வில் கால் இறங்கி அது கப்பென்று மூட வேண்டும். மெட்ரோனோமை (வேகம் காட்ட டிக் டிக் என்று அடிக்கும் கருவி) 90இல் வைத்து ஆரம்பியுங்கள். இடது கால்தான் படுத்தும். தவிலில் அதற்கு வேலையே இருந்ததில்லை.

இன்னொன்று. தவிலில் குச்சி பிடிப்பது இடது கை. வலது கையில் கூடு மாட்டி விரலால்தானே வாசித்தீர்கள்? டிரம்ஸில் ஓயாமல் குச்சியால் ஓடவேண்டியது பெரும்பாலும் வலது கை. அதனால் உங்களுக்கு வேண்டிய முதல் புத்தகம் தாளப் புத்தகம் இல்லை, கைப்பயிற்சிப் புத்தகம். ஜார்ஜ் லாரன்ஸ் ஸ்டோன் எழுதிய ‘ஸ்டிக் கன்ட்ரோல்’ 1935இல் வந்தது, இன்றும் விற்கிறது. ராக் பற்றி அதில் ஒரு வார்த்தை கிடையாது, ஸ்நேர் மட்டும்தான். முதல் மூன்று பக்கத்தில் 72 பயிற்சிகள், ஒவ்வொன்றையும் 20 தடவை நிறுத்தாமல் வாசிக்கச் சொல்கிறார். ஐந்தாவது பயிற்சி ‘வலது இடது வலது வலது, இடது வலது இடது இடது’. தகதிமி சொல்லிக்கொண்டே வாசியுங்கள், உடனே பிடிபடும். அந்த மூன்று பக்கத்துக்கே புத்தகத்தின் விலை தகும்.

இரண்டாவதாக, பாட்டோடு வாசிக்க ஒரு கிரேடு புத்தகம், அதாவது இசைப் பரீட்சைக்கான படிநிலைப் புத்தகம். டிரினிட்டியின் ராக் அண்ட் பாப் வரிசையிலும் ராக்ஸ்கூல் வரிசையிலும் டிரம்ஸுக்கு எட்டாம் கிரேடு வரை தனித்தனிப் புத்தகம் உண்டு. பாட்டின் நொட்டேஷனோடு (இசையை எழுதிக் காட்டும் குறிகள்) டிரம்ஸ் இல்லாத பேக்கிங் டிராக்கும் கிடைக்கும். உங்களுக்கு லயம் இருக்கிறது, நொட்டேஷன்தான் புதிது. அதனால் இரண்டாம் கிரேடில் தொடங்கலாம். பரீட்சை எழுதப் போவதில்லை என்றால் பழைய சிலபஸ் புத்தகமே போதும். சிலபஸ் மாறியதும் கடைக்காரர்கள் பழையதைக் குறைத்துத் தள்ளுவார்கள், பாட்டு என்னவோ கெட்டுப்போகாது. பரீட்சை எழுதுவதாக இருந்தால் மட்டும் அட்டையில் உள்ள ஆண்டைப் பார்த்து வாங்குங்கள்.

கார்மைன் அப்பீஸ் 1972இல் எழுதிய ‘ரியலிஸ்டிக் ராக்’ புத்தகத்தையும் பலர் சொல்வார்கள். நல்ல புத்தகம்தான், ஆனால் கனமான ராக்குக்கு ஏற்றது. முதல் இரண்டும் தேய்ந்த பிறகு யோசிக்கலாம். டெட் ரீட் எழுதிய ‘சின்கோபேஷன்’ (1958) நொட்டேஷன் படிக்கக் கண்ணைப் பழக்கும். கிரேடு புத்தகம் இருந்தால் அதற்கு அவசரம் இல்லை.

இப்போது அந்த 400 ரூபாய் விஷயம். வெளிநாட்டுப் பதிப்பு அந்த விலையில் ஸ்பைரலில் வருகிறது என்றால் பெரும்பாலும் அது ஜெராக்ஸ். திருட்டுப் பிரதி என்பது ஒருபுறம் இருக்கட்டும், டிரம்ஸ் நொட்டேஷனில் சின்னப் புள்ளிதான் எல்லாமே. மெல்லத் தொட வேண்டிய அடியை அடைப்புக்குறிக்குள் போட்டிருப்பார்கள், அழுத்த வேண்டியதன் தலையில் ஒரு சிறு குறி இருக்கும். ஜெராக்ஸில் முதலில் அழிவது இவைதான். மிஞ்சுவதை வாசித்தால் எல்லா அடியும் ஒரே சத்தத்தில் வரும்.

3,000 ரூபாய் புத்தகத்திலும் கவனம் வேண்டும். உள்ளே நான்கு பக்கமாவது காட்டாத புத்தகத்தை வாங்க வேண்டாம். ‘டிரம்ஸ் நோட்புக்’ என்று கவர்ச்சியான அட்டை போட்டு, உள்ளே வெறும் கோடு போட்ட காலித்தாள் விற்கிறவர்களும் உண்டு. ஆடியோ எப்படி வருகிறது என்பதையும் பாருங்கள். சி.டி. என்றால் அதைப் போட உங்கள் லேப்டாப்பில் இடம் இருக்கிறதா? மின்நூல் மலிவாகக் கிடைக்கும், ஆனால் போன் திரையில் நொட்டேஷனைப் பெரிதாக்கித் தள்ளித் தள்ளி யாரும் டிரம்ஸ் வாசித்ததில்லை. கையில் இரண்டு குச்சி இருக்கிறதே!

வாத்தியார் விஷயத்தில் உங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சினிமாப் பாட்டு சொல்லித் தருகிறவரிடமே இரண்டு மாதம் போங்கள். குச்சி பிடிப்பதும் பெடல் மிதிப்பதும் எல்லாப் பாட்டுக்கும் ஒன்றுதான், இந்த இரண்டையும் புத்தகத்தால் திருத்த முடியாது. சேரும் முன் ‘நொட்டேஷன் பார்த்து வாசிப்பீர்களா’ என்று மட்டும் கேளுங்கள். லைட் மியூசிக்காரர்களில் காதால் கேட்டே பிரமாதமாக வாசிக்கிறவர்கள் நிறைய. ஆனால் உங்கள் கையில் இருக்கும் புத்தகத்துக்கு அது உதவாது. சர்ச் குழுக்களில் வாசிப்பவர்களையும் விசாரியுங்கள். வாராவாரம் முழு டிரம்ஸ் செட்டில் வாசிக்கிற கை அவர்களுடையது.

குச்சி வாங்கக் கடைக்கே போங்கள். 5ஏ அளவு போதும். கண்ணாடி மேஜையில் உருட்டிப் பாருங்கள், கோணல் இருந்தால் துள்ளும்.

கேள்வி: மகளுக்காக ஆன்லைனில் டிரம்ஸ் கிரேடு புத்தகம் வாங்கினேன். புதிது என்றுதான் போட்டிருந்தார்கள். ஆடியோவைத் திறக்கப் புத்தகத்தில் கொடுத்திருக்கும் கோட் எண்ணை அடித்தால் ‘ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது’ என்கிறது. விற்றவர், புத்தகத்துக்கு ரிட்டர்ன் கிடையாது என்கிறார்.
– வாசகி, கும்பகோணம்

பதில்: அவர் அப்படிச் சொல்ல முடியாது, அம்மா. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ இருந்தால் விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக்கூடாது. கோட் எண் வேலை செய்யாத கிரேடு புத்தகம் பாதிப் புத்தகம்தான். பிழைச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், ‘புதிது’ என்று போட்டிருந்த பக்கத்தையும் எடுங்கள். இரண்டையும் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு அனுப்புங்கள். அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் அங்கே மனுவுக்குக் கட்டணம் இல்லை. ஒரு புத்தகத்துக்காக அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் அதோடு பில்லை இணைத்துப் பதிப்பகத்துக்கும் ஒரு மெயில் போடுவேன்.

கேள்வி: மாடியில் குடியிருக்கிறோம். எலெக்ட்ரானிக் டிரம்ஸ் வாங்கினால் சத்தமே வராது என்று கடையில் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: பாதி உண்மை. ஹெட்போன் போட்டால் பாட்டுச் சத்தம் வெளியே வராது. வலை போட்ட பேடில் (டிரம்முக்குப் பதில் குச்சியால் அடிக்கும் தட்டு) குச்சிச் சத்தமும் குறைவு. ரப்பர் பேடில் டக் டக் என்று பக்கத்து அறை வரை கேட்கும். கடையில் சொல்லாதது கிக் பெடலை. அந்த மிதி தரை வழியாக இறங்கிக் கீழ்வீட்டுக் கூரையில் இடிக்கும். தடித்த ரப்பர் விரிப்பு போட்டால் குறையும், முழுதாக நிற்காது. வாங்கும் முன் கீழ்வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். கடையில் டிரம்ஸ் செட்டைத் தரையில் வைத்து வாசிக்கச் சொல்லி, பேடை விட்டுவிட்டுப் பெடலை மட்டும் கேளுங்கள்.