மொய் நோட்டும் மறதியும்

அன்புள்ள அண்ணா,

அல்சைமர் ஆண்களையும் பெண்களையும் எப்படி வேறுவேறாகத் தாக்குகிறது, அதை ரத்தத்திலேயே கண்டுபிடிக்க முடியுமா என்று ஆராய்கிற ஒரு விஞ்ஞானியைப் பற்றிப் படித்தேன். பெண்கள் கூடுதல் காலம் வாழ்கிறார்கள், அதனால் நோயாளிகளிலும் அவர்கள் அதிகம். இதற்கு எதற்குத் தனி ஆராய்ச்சி? எங்கள் அம்மாவுக்கு 68 வயது, கொஞ்ச நாளாக மறதி. ஞாபகப் பரிசோதனையில் தேறிவிட்டார், வயசானால் சகஜம் என்கிறார் டாக்டர். நம்பலாமா?

ம., திருமங்கலம்

அன்புள்ள தம்பி,

ஆயுள் ஒரு காரணம்தான், ஆனால் அதோடு கணக்கு முடியவில்லை. அல்சைமரில் மூளையில் சேருகிற புரதங்கள் அமிலாய்டும் டாவும். அமிலாய்டு ஒரே அளவு படிந்திருந்தாலும் டாவ் பெண்களுக்குக் கூடுதலாகச் சேர்வதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன.

'தேறிவிட்டார்' என்றீர்களே, அங்கேதான் எனக்கு உறுத்தல். மேலூரில் என் பெரியம்மா இருந்தவரை எங்கள் வீட்டில் மொய் நோட்டை யாரும் பிரித்ததில்லை, "கொட்டாம்பட்டிக்காரவுக நம்ம காதுகுத்துக்கு 501 வச்சாக" என்று அடுப்படியிலிருந்தே குரல் வந்துவிடும். ஒருநாள் அவரே நோட்டை எடுத்து விரல் வைத்து வரிவரியாகத் தேடிக்கொண்டிருந்தார். யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை, எனக்கும்தான். ஒரு ஆஸ்பத்திரியில் சில வார்த்தைகளைத் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். கடகடவென்று ஒப்பித்துவிட்டு வந்தார். நோய் என்று தெரிய இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

வார்த்தை ஞாபகத்தில் பெண்கள் பொதுவாக ஆண்களைவிட ஒரு படி மேல். இருநூறு வீட்டு மொய்யை மனசில் வைத்திருந்தவர் பாதியைத் தொலைத்திருந்தாலும் என்னை மாதிரி ஆளைவிட அதிகம் மிச்சம் இருக்கும், பரிசோதனை அந்த மிச்சத்தைத்தான் எண்ணும்.

ரத்தத்தில் பி-டாவ்217 (அந்த டாவ் புரதத்தின் ஒரு வடிவம்) போன்ற அடையாளங்களைத் தேடுவது இதனாலும்தான், பேச்சுச் சாமர்த்தியம் அங்கே செல்லாது. அதை வைத்துச் செய்யும் ஒரு ரத்தப் பரிசோதனைக்கு 2025 மே மாதம் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி கொடுத்தது, அறிகுறி உள்ள, 55 வயதோ அதற்கு மேலோ ஆனவர்களுக்கு மட்டும். அதற்காக நேரே லேப்புக்கு ஓடாதீர்கள். கிட்னி கெட்டிருந்தாலும் அந்த அளவு ஏறும், நம் பக்கம் சர்க்கரையால் கிட்னி போனவர்கள் தெருவுக்கு நாலு பேர்.

முதலில் நரம்பியல் டாக்டரிடம் காட்டுங்கள். தைராய்டு, பி12 பார்க்கச் சொல்லுங்கள், அதனால் வருகிற மறதியைப் பெரும்பாலும் சரிசெய்யலாம். அப்புறம், அம்மா முன்பெல்லாம் யோசிக்காமல் செய்த எதை இப்போது விட்டுவிட்டார் என்று ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் தனியாகக் கொடுங்கள். நான் பெரியம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதை வாசித்தேன், முடிக்கிற வரைக்கும் அவர் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.