ஜூன் 30-க்குள் எவற்றைக் கைமாற்ற வேண்டும்? ரோட்டரி சங்க நிர்வாக மாற்றம்: கேள்வி பதில்

சேவை அமைப்பான ரோட்டரியின் ஆண்டு நிறைவடையும் ஜூன் மாதத்தில், பொறுப்பிலிருந்து விலகுவோரும் பொறுப்பேற்க இருப்போரும் கேட்ட கேள்விகளில் பலருக்கும் பயன்படக் கூடியவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். செயலாளர், தலைவர், உதவி ஆளுநர் (ரோட்டரி மாவட்டத்தின் தலைவரான ஆளுநருக்கு உதவுபவர்) ஆகிய பொறுப்புகளை வகித்தவன் என்ற முறையில், விதியையும் நடைமுறையையும் சேர்த்தே சொல்கிறேன்.

கேள்வி (புதிய உறுப்பினர், நாமக்கல்): நம் நாட்டில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது, பள்ளிகள் ஜூனில் திறக்கின்றன. ரோட்டரி ஆண்டு மட்டும் ஏன் ஜூலை 1-இல் தொடங்குகிறது?

பதில்: கணக்கைக் காலத்தில் முடிக்க வேண்டும் என்பதே காரணம். 1905 பிப்ரவரி 23 அன்று சிகாகோவில் பால் ஹாரிஸ் தொடங்கிய சங்கம் பல நகரங்களுக்குப் பரவி, 1910 ஆகஸ்டில் முதல் மாநாட்டை நடத்தியது. முதல் சில ஆண்டுகளில் மாநாட்டுத் தேதியை ஒட்டியே ஆண்டும் கணக்கிடப்பட்டது. 1912-இல் இயக்குநர் குழு தணிக்கைக்கு ஏற்பாடு செய்தபோது, செயலாளரும் பொருளாளரும் மாநாட்டுக்கு முன்னதாகவே நிதி அறிக்கையைத் தயாரித்துக்கொள்ளவும், ஒவ்வொரு சங்கமும் எத்தனை பிரதிநிதிகளை அனுப்பலாம் என்று கணக்கிடவும் வசதியாக, ஆண்டை ஜூன் 30-இல் முடிக்கலாம் என்று தணிக்கையாளர்கள் பரிந்துரைத்தார்கள். 1913 ஏப்ரலில் அது ஏற்கப்பட்டது. பின்னாளில் மாநாடே ஜூன் மாதத்துக்கு வந்துவிட்டது என்றாலும் தேதி மாறவில்லை.

கேள்வி (தலைவராகப் பொறுப்பேற்க இருப்பவர், திண்டுக்கல்): எங்கள் பதவியேற்பு விழா ஜூலை 12-இல்தான் நடக்க இருக்கிறது. அதுவரை பழைய தலைவரே கூட்டங்களை நடத்தலாமா?

பதில்: கூடாது. பதவி விழாவினால் வருவதில்லை, தேர்தலினால் வருகிறது. ஜூலை 1 அன்று நீங்கள் தலைவர். அன்றிலிருந்து நடக்கும் வாரக் கூட்டத்தில் மணியடித்துக் கூட்டத்தைத் தொடங்க வேண்டியவரும் நீங்களே. ஆடி பிறப்பதற்குள் விழாவை முடித்துவிட வேண்டும் என்று பலரும் நினைப்பதாலும், ரோட்டரி மாவட்ட ஆளுநரும் மண்டபமும் ஒரே நாளில் கிடைக்க வேண்டியிருப்பதாலும், விழாத் தேதி முன்பின்னாக அமைவது இயல்புதான். ஆனால் தலைவர் அணியும் காலர் என்ற பதக்க மாலை கழுத்துக்கு வரும்வரை புதிய குழு கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால், ஆண்டின் முதல் இரண்டு வாரங்கள் எவர் பொறுப்பும் இல்லாமல் கழிந்துவிடும். நிர்வாகக் குழுவின் முதல் கூட்டத்தை ஜூலை முதல் வாரத்திலேயே கூட்டி, வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே ஒப்புதல் பெறப்பட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது ஆண்டு பிறக்கும் முன்பே முடிந்திருக்க வேண்டிய வேலை.

கேள்வி (புதிய பொருளாளர், ஈரோடு): பழைய பொருளாளரிடமிருந்து நான் எவற்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும்? அவர் ஒரு கோப்பையும் காசோலைப் புத்தகத்தையும் மட்டும் தருவதாகச் சொல்கிறார்.

பதில்: அவை போதா. சங்கத் துணைவிதிகளின் முந்தைய பரிந்துரை வடிவத்தில், பதவி விலகும் பொருளாளர் நிதி, கணக்குப் புத்தகங்கள், சங்கத்தின் பிற உடைமைகள் அனைத்தையும் ஒப்படைக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்லப்பட்டிருந்தது. காசோலைப் புத்தகத்தைக் கையில் வாங்கும்போதே எஞ்சியுள்ள தாள்களின் எண்களை எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். கிழித்த தாள்களின் அடிக்கட்டைகள் உள்ளனவா, ரத்து செய்தவை கோடிட்டு வைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். ரசீதுப் புத்தகங்களுக்கும் இதே முறைதான். பாதி பயன்படுத்திய ரசீதுப் புத்தகம் ஏதேனும் ஓர் உறுப்பினரின் கடை மேசையிலேயே தங்கிவிடுவது நம் சங்கங்களில் சாதாரணமாக நடப்பது. அதைத் தேடி வாங்காமல் கணக்கு முடியாது.

இன்றைய நிலையில் இவற்றைவிட முக்கியமானது கைப்பேசி எண். சங்க வங்கிக் கணக்கின் ஓடிபி யாருடைய எண்ணுக்குப் போகிறது, இணைய வங்கிக் கடவுச்சொல் எந்த மின்னஞ்சலோடு இணைந்திருக்கிறது, நன்கொடை வாங்கும் கியூஆர் அட்டை எந்தக் கணக்கைக் காட்டுகிறது என்பவற்றை ஜூன் மாதத்திலேயே எழுதி வாங்குங்கள். கையெழுத்திடுவோரை மாற்ற நிர்வாகக் குழுவின் தீர்மான நகல், புதியவர்களின் ஆதார், பான், புகைப்படம் ஆகியவற்றை வங்கிகள் கேட்கின்றன. பழையவர்களின் ஒப்பமும் பெரும்பாலும் தேவைப்படும். அவர்களில் ஒருவர் வெளிநாட்டில் மகன் வீட்டுக்குப் புறப்பட்ட பிறகு இதைத் தொடங்கினால், கண் சிகிச்சை முகாமுக்குப் பணம் கொடுக்க முடியாமல் ஆகஸ்டு வரை திண்டாட நேரும்.

செலுத்த வேண்டிய பாக்கிகளையும் பட்டியலாக வாங்குங்கள். பந்தல்காரருக்கும் அச்சகத்துக்கும் தர வேண்டிய தொகை "போன வருஷத்துக் கணக்கு" என்று தட்டிக்கழிக்கப்படுவது சங்கத்தின் பெயரையே கெடுக்கும். கடன் பட்டது சங்கம், முன்னாள் தலைவர் அல்ல.

கேள்வி (செயலாளர், விருதுநகர்): ஓராண்டாகக் கூட்டத்துக்கே வராத நான்கு உறுப்பினர்களின் பெயர்கள் பட்டியலில் உள்ளன. புதிய குழு பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். உலகத் தலைமை அமைப்பான ரோட்டரி இன்டர்நேஷனலுக்குரிய சந்தா, ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய தேதிகளில் பட்டியலில் உள்ள பெயர்களை வைத்தே சங்கத்துக்கு விதிக்கப்படுகிறது. ஜூன் 30-க்குள் நீக்கப்படாத பெயருக்கும் சங்கமே பணம் கட்டியாக வேண்டும். ஆனால் நீக்குவதற்கு முன் அந்த நால்வரையும் நேரில் சென்று பார்த்துப் பேசுங்கள். கடை நொடித்ததாலோ வீட்டில் நோயாளி இருப்பதாலோ வராதவரை நோட்டீஸ் அனுப்பி நீக்குவது தோழமைக்கு அழகல்ல.

கேள்வி (தலைவராகப் பொறுப்பேற்க இருப்பவர், கும்பகோணம்): எங்கள் சங்கம் அரசு மருத்துவமனைக்கான உலகளாவிய மானியத் (குளோபல் கிராண்ட்) திட்டம் ஒன்றைப் பாதி முடித்திருக்கிறது. தலைவர் மாறியதும் அதன் குழுவையும் மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை, மாற்றாமல் இருப்பதே நல்லது. அந்த மானியத்துக்கென மூன்று பேருக்குக் குறையாத குழு, திட்டம் நடக்கும் இடத்துச் சங்கம், வெளிநாட்டுக் கூட்டாளிச் சங்கம் ஆகிய இரு தரப்பிலும் இருக்க வேண்டும் என்பது ரோட்டரி அறக்கட்டளையின் விதி. திட்டம் முடியும்வரை அந்த மூவரே பொறுப்பாளிகள். பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கும், அதில் குறைந்தது இருவர் கையெழுத்தும் தேவை. கையெழுத்திடுபவர் மாறினால் கணக்கு எவ்வாறு கைமாறும் என்பதையும் எழுத்தில் வைத்திருக்க வேண்டும். முதல் தவணை வந்ததிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்கு ஒருமுறை முன்னேற்ற அறிக்கையும், திட்டம் முடிந்த இரண்டு மாதங்களுக்குள் இறுதி அறிக்கையும் அனுப்ப வேண்டும். ஆவணங்களைக் குறைந்தது ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். அறிக்கை நிலுவையில் இருந்தால் அடுத்த விண்ணப்பம் ஏற்கப்படாது. முந்தைய குழு தொடங்கியது என்பதற்காக அறிக்கையைப் புறக்கணிக்கும் தலைவர், தம் ஆண்டின் திட்டத்தையே முடக்கிக்கொள்கிறார்.

கேள்வி (ஆசிரியையும் உறுப்பினருமானவர், சிவகங்கை): நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் சங்கம் ஓர் அரசுப் பள்ளிக்குக் குடிநீர் சுத்திகரிப்பு இயந்திரம் வழங்கியது. இப்போது அது ஓடவில்லை. புதிய தலைவரிடம் சொன்னால், "அது என் ஆண்டுத் திட்டம் அல்ல" என்கிறார்.

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் ஒதுக்க விரும்புகிறேன், ஏனென்றால் ஆண்டுதோறும் தலைமை மாறும் அமைப்பின் மிகப் பெரிய பலவீனம் இங்கேதான் வெளிப்படுகிறது. அந்தப் பள்ளிக்குச் சென்று பாருங்கள். இயந்திரத்தின் மேல் சங்கத்தின் சின்னமும் அந்த ஆண்டுத் தலைவரின் பெயரும் பொறித்த பலகை பளபளப்பாகவே இருக்கும். உள்ளே வண்டல் வடிகட்டி பழுப்பேறி அடைத்திருக்கும், குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வரும், பிள்ளைகள் பக்கத்திலுள்ள தொட்டியில் பிடித்துக் குடிப்பார்கள். வடிகட்டிகளை உப்புத் தன்மைக்கும் பயன்பாட்டுக்கும் ஏற்ப அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதும், சவ்வுக்கு ஓர் ஆயுள் உண்டு என்பதும், வழங்கிய நாளிலேயே தெரிந்த செய்திகள். அவற்றுக்கான பணம் மட்டும் எவருடைய வரவு செலவுத் திட்டத்திலும் இல்லை.

பலகையில் எவர் பெயர் இருந்தாலும், பள்ளிக்கு வாக்குக் கொடுத்தது சங்கம். ஆகவே ஒவ்வொரு சங்கமும் கடந்த ஐந்து ஆண்டுகளில் வழங்கிய நிலையான பொருள்கள் அனைத்துக்கும் ஒரு பதிவேடு வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எந்தப் பள்ளி, எந்த மருத்துவமனை, என்ன பொருள், பராமரிப்பு ஒப்பந்தம் எப்போது முடிகிறது, அங்கே பேச வேண்டியவர் யார், கடைசியாகச் சென்று பார்த்தது எப்போது என்பவை அதில் இருந்தால் போதும். ஜூன் மாதத்தில் பழைய செயலாளரும் புதிய செயலாளரும் அந்த இடங்களுக்குச் சேர்ந்து செல்ல வேண்டும். புதிய தலைவர் ஆண்டு நிதியில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தில் தம் திட்டங்களைத் தீட்டட்டும். உங்கள் தலைவரிடம் வாய்மொழியாகச் சொன்னதோடு நிறுத்தாமல், தலைமையாசிரியரின் கடிதத்தை வாங்கி நிர்வாகக் குழுவின் முன் வையுங்கள். குழுவின் முன் வந்த கடிதத்துக்குத் தீர்மானம் எழுதியாக வேண்டும்.

கேள்வி (உறுப்பினர், காரைக்குடி): பதவியேற்பு விழாவின் விருந்து, ஃபிளெக்ஸ், சால்வை, நினைவுப் பரிசுச் செலவுகளைச் சங்கத்தின் சேவை நிதியிலிருந்து எடுக்கலாமா?

பதில்: எடுக்கவே கூடாது. சங்கத்தின் பணத்தை நிர்வாகச் செலவு, சேவைத் திட்டம் என்று இரண்டாகப் பிரித்தே வைக்க வேண்டும் என்று துணைவிதிகள் சொல்கின்றன. ஊரார் செயற்கைக் கால் முகாமுக்கென்று கொடுத்த பணத்தில் ஒரு குவளைத் தேநீர் கூட வாங்க நமக்கு உரிமையில்லை. விழாவை உறுப்பினர்களின் சந்தாவுக்குள் நடத்துங்கள். இயலாவிட்டால் வாரக் கூட்டம் நடக்கும் அரங்கிலேயே எளிமையாக நடத்துங்கள்.

கேள்வி (முன்னாள் செயலாளர், தூத்துக்குடி): ஓராண்டுப் பதவியில் எதையும் உருப்படியாகச் செய்ய முடியாது என்று நினைக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக மாற்றினால் என்ன?

பதில்: உங்கள் ஆதங்கம் புரிகிறது, ஆனால் உடன்பட முடியவில்லை. ரோட்டரி 1985-இல் போலியோ ஒழிப்புக்கான போலியோ பிளஸ் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியாவில் இயற்கையாகப் பரவும் போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்டவருக்கு 2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹவுராவில் நோய் தென்பட்டது. 2014 மார்ச் 27 அன்று உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாததாகச் சான்றளிக்கப்பட்டது. அரசும் பல அமைப்புகளும் இணைந்து செய்த அந்தப் பணியின் காலம் முழுவதும் ஒவ்வொரு சங்கத்திலும் ஆண்டுதோறும் தலைவர் மாறிக்கொண்டேதான் இருந்தார். சொட்டு மருந்து நாளன்று சாவடியில் நிற்பதை மட்டும் எந்தத் தலைவரும் "போன ஆண்டுத் திட்டம்" என்று கைவிடவில்லை. குறிக்கோள் நிலையாக இருந்தால் ஓராண்டு போதும். அத்துடன், ஓராண்டு என்பதால்தான் கடை நடத்துபவரும் மருத்துவரும் ஆசிரியையும் இப்பொறுப்பை ஏற்க முன்வருகிறார்கள்.

கேள்வி (தலைவர், அரியலூர்): அடுத்த ஆண்டுக்குத் தலைவராக எவரும் முன்வரவில்லை. நான் என்ன செய்வது?

பதில்: வாரிசு தேர்ந்தெடுக்கப்படாவிட்டால் தற்போதைய தலைவரின் காலம் அதிகபட்சம் ஓராண்டு நீட்டிக்கப்படும் என்பது சங்க அமைப்பு விதி. அதை இறுதி வழியாக மட்டுமே கொள்ளுங்கள். உண்மையில் இந்தச் சிக்கல் ஜூனில் தோன்றுவதில்லை. பதவியேற்பதற்குப் பதினெட்டு மாதங்களுக்குக் குறையாமல் முன்பே அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற விதியைப் பின்பற்றாததால் வருகிறது. தயங்குகிறவர்களிடம் தனியாகப் பேசினால், தலைவர் சொந்தப் பணத்தைக் கொட்ட வேண்டியிருக்கும் என்ற அச்சமே பெரும்பாலும் வெளிப்படும். விருந்தும் பரிசும் தலைவரின் செலவு என்ற வழக்கத்தை நிர்வாகக் குழுவின் தீர்மானத்தால் ஒழித்துவிட்டு மீண்டும் கேட்டுப் பாருங்கள். பெண் உறுப்பினர்களையும் கேளுங்கள். 1989-லேயே பெண்களுக்குக் கதவு திறந்த இயக்கத்தில், இன்னும் அவர்களைச் சிறப்பு விருந்தினரை வரவேற்கும் பொறுப்போடு நிறுத்திவைக்கும் சங்கங்கள் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது.

கேள்வி (சங்க அறக்கட்டளையின் அறங்காவலர், கோவை): சங்க ஆண்டு ஜூனில் முடிகிறது, வருமான வரிக் கணக்கு மார்ச்சில் முடிகிறது. எதை எப்படி ஒப்படைப்பது?

பதில்: மார்ச் 31 வரை ஒரு கணக்கு, ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒரு கணக்கு என்று இரண்டாகத் தயாரித்து ஒப்படையுங்கள். அந்த மூன்று மாதச் செலவுச் சீட்டுகள்தாம் அடுத்த ஆண்டுத் தணிக்கையில் காணாமற்போகின்றன, ஏனெனில் செலவு செய்தவர் ஒருவர், தணிக்கைக்குப் பதில் சொல்பவர் மற்றொருவர். உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவானதாக இருந்தால், நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளரிடமும் தெரிவிக்க வேண்டும். பல சங்கங்களின் பதிவேட்டில் இன்றும் பழைய நிர்வாகிகளின் பெயர்களே இருப்பது வங்கியில் தடை வரும்போதுதான் தெரியவருகிறது.

கேள்வி (பதவி விலகும் தலைவர், பொள்ளாச்சி): ஜூலை 1-க்குப் பிறகு என் இடம் என்ன? ஒதுங்கிவிடுவதே மரியாதை என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

பதில்: ஒதுங்கிவிட உங்களுக்கு உரிமையில்லை. உடனடி முன்னாள் தலைவர் என்ற முறையில் நீங்கள் அடுத்த ஆண்டு நிர்வாகக் குழுவின் இயக்குநர்களுள் ஒருவர். டிசம்பருக்குள் நடக்க வேண்டிய ஆண்டுக் கூட்டத்தில் உங்கள் ஆண்டின் வரவு செலவு உறுப்பினர்கள் முன் வைக்கப்படும்போது, ஐயங்களுக்கு விடை சொல்ல வேண்டியவரும் நீங்களே. குழுவில் உங்கள் காலத்து முடிவு மாற்றப்பட்டால், அது ஏன் எடுக்கப்பட்டது என்பதை ஒருமுறை விளக்குங்கள், பிறகு வாக்குக்கு விட்டுவிடுங்கள். புதிய தலைவரிடம் கேட்க வேண்டியதை உறுப்பினர்கள் பழக்கத்தால் உங்களுக்கே தொலைபேசியில் கேட்பார்கள்; விடை தெரிந்தாலும் அவரிடம் கேட்கச் சொல்லி எண்ணைக் கொடுங்கள்.