மேகம் மூடுவதற்குள் எழுந்துவிடுங்கள்

கேள்வி: அம்மாவுக்கு 71 வயது. முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். கிழக்கு மலேசியாவில், சபாவில் இருக்கும் கினபாலு மலையை ஒரு தடவை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார். முட்டிவலி, ஏற முடியாது. கோத்தா கினபாலு நகரில் தங்கி ஒரே நாளில் போய் வந்துவிடலாம் என்கிறார் என் கணவர். அது போதுமா?
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: போதாதும்மா. நான் பட்டதால் சொல்கிறேன்.

2016-இல் என் வீட்டுக்காரரோடு அப்படித்தான் போனேன். ஓட்டலில் பசியாறிவிட்டு எட்டரைக்குக் கிளம்பினோம். மலையடியில் இருக்கும் குண்டாசாங் ஊருக்குப் போய்ச் சேரும்போது பத்தரை தாண்டிவிட்டது. எதிரே வெறும் வெள்ளை மேகம். மதியம் மழையும் பிடித்துக்கொண்டது. மலை எந்தப் பக்கம் என்று காய்கறி விற்ற பெண் கைகாட்டினாள். அந்தப் பக்கம் பார்த்துவிட்டு இறங்கினோம். "இன்னொரு தடவை வருவோம்" என்றார். அடுத்த வருடம் அவர் இல்லை.

பிறகு மகளோடு போனபோது குண்டாசாங்கிலேயே இரண்டு இரவு தங்கினேன். காலை ஆறு மணிக்குக் கதவைத் திறந்தால், 4,095 மீட்டர் கருங்கல் மலை, உச்சியின் பல் ஒவ்வொன்றும் தெரிய நிற்கிறது. நான் அழுதுவிட்டேன். ஒன்பது மணிக்கெல்லாம் மூடிவிட்டது. வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவில் மேலே போய் மேகமாகிவிடும். அங்கே பெரும்பாலும் அப்படித்தான். ஒரு காலை தவறினாலும் இன்னொரு காலை இருக்கும் என்பதால்தான் இரண்டு இரவு என்கிறேன். அறை எடுக்கும்போது மலையைப் பார்த்த அறையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

தீபகற்ப மலேசியாவில் இருக்கும் நமக்கும் சபாவுக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் அங்கே விடிவதும் இருட்டுவதும் முன்னாலேயே நடக்கும். மாலை ஆறரைக்கெல்லாம் இருட்டு. கோத்தா கினபாலுவிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், வளைந்து வளைந்து ஏறும் சாலை. உங்கள் கணவர் இருட்டில் ஓட்ட வேண்டாம்.

கினபாலு பூங்கா 1964-இல் அமைந்தது, 2000-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமானது. அதன் தலைமையகம் குண்டாசாங்குக்குப் பக்கத்தில்தான். மலை ஏறத்தான் அனுமதிச் சீட்டும் வழிகாட்டியும் வேண்டும். உங்களுக்கு அந்தக் கவலை இல்லை. அங்குள்ள தாவரத் தோட்டத்தில் அம்மா மெதுவாக நடக்கலாம். அப்புறம், ரானாவ் தாண்டி போரிங் வெந்நீர் ஊற்று. அந்த முட்டியைச் சுடுநீரில் ஊறவைக்கட்டும்.

குண்டாசாங்கில் போர் நினைவிடம் ஒன்று உண்டு. 1945-இல் ஜப்பானியர் சண்டாக்கானிலிருந்து ரானாவுக்கு நடத்திக் கொண்டுபோன ஆஸ்திரேலிய, பிரிட்டிஷ் கைதிகளுக்காக எழுப்பியது. கடைசியில் உயிர் தப்பியவர்கள் 6 பேர். அங்கே நின்றபோது அதே ஜப்பானியர் காலத்தில் சயாம் மரண ரயில் பாதை போடும் வேலைக்குப் போய்த் திரும்பாத என் தாத்தா ஞாபகம்தான் எனக்கு. நம் தோட்டங்களில் அப்படிப் போனவர்கள் எத்தனையோ பேர், அவர்களில் பலருக்குப் பெயர் எழுதிய கல்கூட இல்லை. அம்மா வீட்டிலும் யாராவது போயிருந்தால் கட்டாயம் கூட்டிப் போங்கள். படிகள் உண்டு, கைபிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு நம் கடையை அங்கே எதிர்பார்க்காதீர்கள். அடுப்படி உள்ள வீடாக எடுங்கள். சாலையோரத்தில் மலைக்காய்கறி புதுசாகக் கிடைக்கும். சாம்பார்த்தூளும் புளியும் நீங்கள் கொண்டு போனால் போதும். இரவில் 15 டிகிரி பக்கம் இறங்கும், அம்மாவுக்குக் குளிர்சட்டையும் காலுறையும் எடுத்துக்கொள்ளுங்கள். சபாவில் இறங்கியதும் குடிநுழைவு முகப்பில் மலேசியர்களான நம்மையும் சோதிப்பார்கள், அதனால் எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை மழை கொஞ்சம் குறைவு.

அம்மாவை ஐந்தரைக்கு எழுப்புங்கள். விடியுமுன் தோட்டத்தில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போய் நின்றவர், உங்களுக்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருப்பார்.