பழைய நீராவி இன்ஜின் ஓடாதா?

கேள்வி: மியூசியத்துல பளபளன்னு நிக்கிற நீராவி இன்ஜின்ல கரியப் போட்டு தண்ணிய ஊத்தினா ஓடிடாதா சார்?

பதில்: பெயின்ட்டப் பாத்து ஏமாந்துடாதீங்க, வில்லங்கம் எல்லாம் பாய்லர் உள்ள. தண்ணில இருக்குற உப்பு குழாய்ல படிஞ்சு, இரும்பும் அரிச்சுப் போயிருக்கும், அதோட பிரஷர் ஏத்தினா வெடிகுண்டு தான், அதனால பாய்லரைத் தனியா கழட்டி டெஸ்ட் பண்ணணும். பார்ட்ஸ் கடைல கிடைக்காது, பழைய டிராயிங் பாத்து வார்த்து எடுக்கணும். 1923ல இங்கிலாந்துல செஞ்ச ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேன்ங்கிற நீராவி ரயில் இன்ஜின் 2016ல மறுபடி ஓடுறதுக்கு சுமார் 10 வருஷம், 42 லட்சம் பவுண்டு ஆச்சு! ஓட்டுற அன்னிக்கும் (சாவியத் திருகினா கிளம்ப இது என்ன பைக்கா) பல மணி நேரம் முன்னாடியே மெதுவா தீ மூட்டணும், அவசரப்பட்டா இரும்பு சீரா விரியாம விரிசல் விட்டுடும். ஃபயர்பாக்ஸ் (பாய்லர்ல கரி எரியுற பெட்டி) மேல தண்ணி குறையாம பாத்துக்கிட்டே கரி அள்ளிப் போடத் தெரிஞ்ச ஆளைத் தேடுறது அதவிடக் கஷ்டம்.