கெரிஸ் வளையத்தில் இருப்பது மாணிக்கமா, கண்ணாடியா?

கேள்வி: பாலித் தீவில் வாங்கிய பழைய கெரிஸ் குத்துவாள் ஒன்று என்னிடம் இருக்கிறது. மரப்பிடிக்கும் அலகுக்கும் நடுவே உள்ள வளையத்தில் பத்துப் பன்னிரண்டு சிவப்புக் கற்கள். எல்லாம் மாணிக்கம் என்றார் விற்றவர். அதில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ரொம்பப் பளிச்சென்று இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது? கல்லைக் கழற்றிப் பார்க்கலாமா?

பதில்: கழற்ற வேண்டாம். கல்லைத்தான் சொல்கிறேன், பிடியைக் கழற்றலாம், கழற்றினால்தான் வேலை நடக்கும். பாலி, ஜாவா கெரிஸ்களில் பிடியை ஆணி அடித்து இறுக்குவதில்லை, அலகின் வால்பகுதியில் துணியைச் சுற்றிச் செருகியிருப்பார்கள், மெதுவாகத் திருகி இழுத்தால் பிடி வந்துவிடும், பின்னாலேயே வளையமும் வரும். (பாலியில் இந்த வளையத்துக்கு வேவெர் என்று பெயர், ஜாவாவில் மெண்டாக்.) வரவில்லையா, முரட்டுத்தனம் வேண்டாம், அப்படியே விட்டுவிடுங்கள்.

இப்போது வளையத்தின் உட்பக்கத்தைப் பாருங்கள். பழைய வேலையில் பெரும்பாலும் கல்லின் பின்பக்கம் மூடியிருக்கும், அடியில் மெல்லிய தகடு வைத்துப் பதித்திருப்பார்கள். நீங்கள் பார்க்கிற சிவப்பில் பாதி அந்தத் தகட்டின் உபயமாகக்கூட இருக்கலாம், அதனால் நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தண்ணீரில் போட்டுக் கழுவவும் கூடாது. ஈரம் உள்ளே போனால் தகடு கறுத்துக் கல் செத்துப்போகும்.

அப்புறம் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்று வேண்டும். முதலில் பட்டைகளின் விளிம்பு. கண்ணாடி மென்மையானது, வருஷக்கணக்கில் கை பட்டு விளிம்பெல்லாம் மழுங்கி, சின்னச் சின்னக் கீறல்களோடு சோப்புத் துண்டு மாதிரி ஆகியிருக்கும். மாணிக்கம் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் (உச்சம் 10) 9, வைரத்துக்கு அடுத்த இடம், அவ்வளவு சுலபத்தில் தேயாது. உள்ளே உருண்டையான காற்றுக்குமிழி தெரிந்தால் கண்ணாடி என்று சந்தேகப்படலாம். பட்டுநூல் போன்ற மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று சாய்வாக வெட்டிக்கொண்டு போனால் இயற்கை மாணிக்கமாக இருக்க நல்ல வாய்ப்பு, ஆனால் கார்னெட் என்ற இன்னொரு சிவப்புக் கல்லிலும் ஊசிகள் உண்டு. இருட்டறையில் புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள்: கார்னெட் ஒளிராமல் கிடக்கும், மாணிக்கம் கனல் போல ஒளிரும். ஆனால் மாணிக்கம் போலவே தெரியும் சிவப்பு ஸ்பைனல் என்ற கல்லும் ஒளிரும், இரும்புச்சத்து கூடிய மாணிக்கம் மங்கலாகத்தான் ஒளிரும், ஆக இது கார்னெட்டைப் பிரிக்க உதவுமே தவிர மாணிக்கத்துக்குச் சான்றிதழ் தராது.

அந்தப் பளிச்சென்ற ஒற்றைக் கல்மீதுதான் எனக்குச் சந்தேகம். 1902-ல் பிரான்சில் வெர்னாய் என்பவர் பொடியைத் தீச்சுவாலையில் உருக்கி மாணிக்கம் செய்யும் முறையை அறிவித்தார், அதற்குப் பிறகு செயற்கை மாணிக்கம் மலிவாகக் கிடைக்க ஆரம்பித்துவிட்டது. பழைய நகையில் கல் உதிர்ந்தால் அதை வைத்து அடைப்பது சகஜம். லென்ஸில் அந்தக் கல்லைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள், இசைத்தட்டில் இருப்பதுபோல வளைந்த கோடுகள் கண்ணில் பட்டால் அது உலைக்கல்தான். புற ஊதாவிலும் பெரும்பாலும் மற்றவற்றைவிட அதிகமாகக் கனலும்.

கண்ணாடி என்று தெரிந்தால் மனம் உடைய வேண்டாம். கெரிஸ் வேலைக்காரர்கள் கண்ணாடியையும் கூச்சமில்லாமல் பதித்தவர்கள்தான், அதனாலேயே கெரிஸ் போலி ஆகிவிடாது. ஜாவாவில் வைரம் பதித்த வளையங்களும் உண்டு. அடிப்பக்கம் தட்டையாக, மேலே முக்கோணப் பட்டைகளோடு கூம்பிய பழைய வெட்டு, சாம்பல் பூத்ததுபோல இருக்கும். அதைக் கண்ணாடி என்று நினைத்து ஏமாறுகிறவர்களும் இருக்கிறார்கள்!

ஒரு சின்ன விஷயம், கேள்விக்கு வெளியே. இந்தோனேசிய மொழியில் பலவகை மணிகளைச் சேர்த்து 'ரத்னா முத்து மனிக்கம்' என்பார்கள். அந்த முத்தும் மனிக்கமும் நம் முத்தும் மாணிக்கமும்தான்.

சரி, கத்தி முனையால் கீறிப் பார்க்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். மணிக்கல் ஆய்வகத்தில் கல்லைக் கழற்றாமலேயே ஒளிவிலகலையும் நிறமாலையையும் பார்ப்பார்கள், வளையத்தை மட்டும் பஞ்சில் சுற்றி எடுத்துப் போங்கள்.