வெளியில ரெண்டு ஸ்பீட்லைட் (கேமரா தலையில மாட்டற சின்ன ப்ளாஷ்) வெச்சு ஃபேஷன் போர்ட்ரெய்ட் எடுக்கணும், ஆனா ப்ளாஷ் போட்டாலே பாஸ்போர்ட் போட்டோ மாதிரி ஆகுது, என்ன பண்றது?

மொதல்ல ப்ளாஷ கேமரா தலையிலேர்ந்து கழட்டுங்க, பாதி பிரச்சன அங்கயே போயிடும். லென்ஸுக்கு மேலயே உக்காந்து நேரா அடிச்சா மூஞ்சில நெழலே விழாது, நெழல் இல்லன்னா மூக்கு கன்னம் தாடை எல்லாம் ஒரே தட்டையா தான் தெரியும். கழட்டின ப்ளாஷ கேமராவோட சேர்ந்து அடிக்க வெக்கறதுக்கு ஒரு சாதா ட்ரிகர் போதும், காஸ்ட்லியானது வேணாம்.

நான் வட சென்னை தண்டையார்பேட்ட ஆளு, அதனால பக்கத்து காசிமேட்டயே வெச்சு சொல்றேன். நம்ம கடல் கிழக்க பாத்தது, காலைல பொண்ண கடலுக்கு முதுகு காட்டி நிக்க வெச்சா சூரியன் அவங்களுக்குப் பின்னாடி வந்துடும், தலமுடி ஓரத்துல ஒரு கோடு ஓசியிலயே கெடைக்கும், அதுக்குன்னு ரெண்டாவது ப்ளாஷ் தேவையே இல்ல. மூஞ்சி மட்டும் இருட்டா இருக்கும், அதுக்கு தான் நாம ப்ளாஷ் போடணும்.

எல்லாரும் தலைகீழா பண்றது இங்க தான். ப்ளாஷ ஆன் பண்ணிட்டு அப்புறம் வானத்த பாப்பாங்க. அப்படி இல்ல, ப்ளாஷ ஆஃப்ல வெச்சு, மேனுவல்ல, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்த உணர்ற அளவு) 100, ஷட்டர் 1/200 செகண்ட், அப்பர்ச்சர் (லென்ஸ் தொறக்கற அளவு) எஃப் 5.6-ல ஆரம்பிச்சு, வானமும் பின்னாடி நிக்கிற போட்டும் உங்களுக்கு புடிச்ச கலர்ல வர்ற வரைக்கும் அப்பர்ச்சர மாத்திக்கினே போங்க. ஆளு கருப்பா தெரிவாங்க, தெரியட்டும். இப்போ ப்ளாஷ 1/4 பவர்ல, சின்ன சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்த மென்மையாக்கற துணிப் பொட்டி) போட்டு, மூஞ்சிலேர்ந்து ஒரு மூணடில, கண்ணுக்கு கொஞ்சம் மேல, பக்கவாட்டுல சாய்ச்சு வெச்சு ஒண்ணு அடிங்க. மூஞ்சி பத்தலன்னா பவர ஏத்துங்க, வானம் பத்தலன்னா ஷட்டர் வேகத்த குறைங்க, 1/200-லேர்ந்து 1/100 மாதிரி. ஷட்டர் வெளி வெளிச்சத்த மட்டும் தான் மாத்தும், ப்ளாஷ தொடாது, ஏன்னா ப்ளாஷ் கண்ண மூடி தொறக்கறதுக்குள்ள அடிச்சு முடிச்சுடுது. அப்பர்ச்சர் ரெண்டையும் மாத்தும். இது ஒண்ணு மண்டைல ஏறிட்டா மீதி எல்லாம் ஈஸி.

ஷட்டர நிறைய கேமராவுல 1/200, 1/250 தாண்டினா படத்துல ஒரு பக்கம் கருப்பு பட்டை விழும். ஹை ஸ்பீட் சிங்க் (வேகமான ஷட்டருக்கும் ஈடு குடுத்து ப்ளாஷ் அடிக்கற மோட்) போட்டா விழாது, ஆனா ப்ளாஷோட பவர்ல நிறைய அதுவே தின்னுடும். அதனால தான் மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஸ்பீட்லைட்ட எடுத்துக்கினு வெயிலோட மல்லுக்கு நிக்காதீங்கன்னு சொல்றேன். நல்ல வெயில்ல 1/200-க்கு எஃப் 11 கிட்ட போகணும், சாஃப்ட்பாக்ஸுக்குள்ள இருக்கற சின்ன ப்ளாஷ் ஃபுல் பவர்ல கூட திணறும். அந்த நேரத்துக்கு வண்ணாரப்பேட்ட எம்.சி. ரோடு பக்கத்து சந்துக்குள்ள போய்டுங்க. ஒரு பக்கம் நெழல், எதுத்தாப்ல வெள்ள சுண்ணாம்பு அடிச்ச சுவத்துல வெயில், அந்த சுவரே பெரிய லைட்டு, ப்ளாஷ் லேசா இருந்தா போதும்.

லைட்ட கிட்ட வைங்கன்னு சும்மா சொல்லல. மூணடிலேர்ந்து ஆறடிக்கு தள்ளினா வெளிச்சம் நாலுல ஒரு பங்கா ஆயிடும், 1/4 பவர்ல முடிஞ்ச வேலைக்கு ஃபுல் பவர் கேக்கும், நெழலும் கத்தி மாதிரி ஆயிடும். ஃப்ரேம் ஓரத்துல சாஃப்ட்பாக்ஸ் லேசா எட்டி பாக்கற அளவுக்கு கொண்டாந்துட்டு அப்புறம் ஒரு இஞ்ச் பின்னாடி இழுத்துக்கோங்க.

பட்டுப்புடவன்னா இன்னொரு விஷயம். ஜரிகைக்கு நேரா லைட் அடிச்சா வெள்ளையா வெந்து போயிடும், டிசைனே தெரியாது. பக்கத்துலேர்ந்து உரசினாப்ல விட்டா தான் நெசவு எழும்பி வரும். நம்ம மாநிறத்துக்கும் அதே தான், ஸ்கின்ன வெளுக்க பவர ஏத்தாதீங்க, கன்னத்துல ஒரு மினுமினுப்பு வந்தாலே மூஞ்சிக்கு ஷேப் கெடைச்சுடும். வேர்வைய மட்டும் டிஷ்யூவால ஒத்தி எடுக்கணும், தேய்ச்சா மேக்கப் போச்சு, மேக்கப் அக்கா உங்கள சும்மா விட மாட்டாங்க.

காத்து தான் காசிமேட்ல பெரிய வில்லன். ப்ளாஷுக்கு போடற குடைய ஸ்டாண்ட்ல மாட்டி விட்டா போட்டுல பாய் கட்டின மாதிரி இழுத்துக்கினு போயிடும். ரெண்டாவது ப்ளாஷுக்கு செலவு பண்றத விட, ஒரு தம்பிய கூட்டினு போய் கைல புடிக்க சொல்லி டிபனும் பேட்டாவும் குடுக்கறது தான் மேல்னு நான் சொல்லுவேன். மாடல் நகர்ந்தா ஸ்டாண்ட் நகராது, தம்பி நகருவான்.

ரெண்டாவது ப்ளாஷ் சாயங்காலத்துக்கு உதவும். சூரியன் ஊர் பக்கம் எறங்கிடும், கடல் பக்கம் முடி இருட்டோட ஒட்டிக்கும், அப்போ பின்னாடிலேர்ந்து குறைஞ்ச பவர்ல ஒண்ணு. ரெண்டு ப்ளாஷுக்கும் ஆரஞ்சு ஜெல் (கலர் பிளாஸ்டிக் தாள்) ஒட்டி, கேமராவோட ஒயிட் பேலன்ஸ (எந்த லைட்ட வெள்ளையா எடுத்துக்கணும்னு சொல்ற செட்டிங்) 3200 கெல்வின்ல வெச்சு பாருங்க, மூஞ்சி கலர் சரியா இருக்கும், வானம் மட்டும் கரு நீலமா மாறிடும். போட்டோஷாப்ல உக்காந்து பண்ணா கூட அந்த நீலம் வராது.

1856-ல தொறந்த ராயபுரம் ஸ்டேஷன் தூண் முன்னாடி எடுக்க எல்லாருக்கும் ஆச தான், ஆனா ரயில்வே எடத்துல பர்மிஷன் இல்லாம லைட் ஸ்டாண்ட் நட்டா நிறுத்திடுவாங்க. ஹார்பர் கேட் பக்கமும் கேமராவ நீட்டாதீங்க. எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டோரம் எடுத்தீங்கன்னா கண்டெய்னர் லாரி வர்ற தெசைக்கு ப்ளாஷ் அடிக்கவே கூடாது, டிரைவர் கண்ணு கூசிடும்.

பேட்டரிக்கு ரீசார்ஜ் பண்ற ஏஏ ரெண்டு செட் வெச்சுக்கோங்க, ஃபுல் பவர்ல தொடர்ந்து அடிக்காம கொஞ்சம் ஆற விட்டு அடிங்க, வீட்டுக்கு வந்ததும் ஹாட் ஷூ (கேமரா தலையில ப்ளாஷ் மாட்டற எடம்) காண்டாக்ட்ட உலர்ந்த துணியால தொடச்சிடுங்க, உப்புக்காத்து அத தான் மொதல்ல அரிக்கும்.