பேத்தியின் வளையம் உங்களுக்குப் போதாது

கேள்வி: எனக்கு 57 வயது. பேத்தியின் ஹூலா ஹூப் வளையத்தை இடுப்பில் சுற்றிப் பார்த்தேன். இரண்டு சுற்றுக்கூட நிற்காமல் காலடியில் விழுந்துவிடுகிறது. எனக்கென்று ஒன்று வாங்கித் தரச் சொன்னால், 'குழந்தைகள் விளையாட்டு இந்த வயதில் எதற்கு, பார்ப்பவர்கள் சிரிப்பார்கள்' என்கிறான் மகன். தெருநாய்த் தொல்லையால் காலை நடையை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன். வளையம் அதற்கு ஈடாகுமா? தொப்பை குறையுமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: பார்ப்பவர்கள் சிரிப்பார்கள் என்பது உங்கள் மகனின் கூச்சம். உங்கள் முதுகைப் பற்றியோ மூட்டுகளைப் பற்றியோ அவர் ஒரு வார்த்தை விசாரித்ததாகக் கடிதத்தில் இல்லை. விசாரித்திருந்தால் அவர் போடும் தடையை மதிக்கலாம். குழந்தைகள் விளையாட்டு என்ற வாதமும் எடுபடாது. ஆஸ்திரேலியப் பிள்ளைகள் மூங்கில் வளையத்தை இடுப்பில் சுற்றுவதைக் கேள்விப்பட்டு, கலிபோர்னியாவின் வாம்-ஓ நிறுவனத்தார் பிளாஸ்டிக்கில் வளையம் செய்து விற்பனைக்கு விட்டது 1958இல். முதல் நான்கு மாதங்களிலேயே இரண்டரைக் கோடி வளையங்கள் விற்றதாகச் சொல்வார்கள். அன்று சுற்றிய பத்து வயதுப் பிள்ளைகள் இன்று எண்பதை நெருங்குகிறார்கள். நீங்கள் அந்தப் பிளாஸ்டிக் வளையத்தைவிட இளையவர்.

வளையம் கீழே விழுவதற்கு முதல் காரணம் அது பேத்தியுடையது என்பதுதான். விட்டமும் எடையும் குறைந்த வளையம் ஒவ்வொரு சுற்றையும் வேகமாக முடித்துவிடுகிறது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து இடுப்பை அசைக்கச் சிறுமியால் முடியும், பெரியவர்களுக்குக் கடினம். பெரிய வளையம் நிதானமாகச் சுற்றுவதால், அது எப்போது எந்தப் பக்கம் வருகிறது என்று உணர்ந்து தள்ளுவதற்கு அவகாசம் கிடைக்கிறது. தரையில் நிமிர்த்தி வைத்தால் தொப்புளுக்கும் மார்புக்கும் இடைப்பட்ட உயரத்துக்கு வர வேண்டும். அதாவது, ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டமும் அரை கிலோவுக்குக் குறையாத எடையும் உள்ளதாகப் பாருங்கள்.

எந்த உடையில் சுற்றினீர்கள் என்று எழுதவில்லை. சேலை என்றால், முன்புறம் கொசுவம் புடைத்து நின்று வளையத்தின் ஓட்டத்தைக் குலைக்கும். வழவழப்பான துணியாக இருந்தால் பிடிமானமே இராது. உடம்போடு ஒட்டிய பருத்திச் சுடிதார் நல்லது. உடல்வாகுக்கும் இதில் பங்குண்டு. நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிறிய இயந்திர உருவங்களை இடுப்பாட்ட வைத்துச் சோதித்து, 2025 ஜனவரியில் முடிவுகளை வெளியிட்டார்கள். உருளை போன்ற உடலில் வளையம் நிற்கவில்லை, இடை சிறுத்து அதன் கீழே சரிவாக விரிந்த உடலில்தான் நின்றது. ஐம்பதைக் கடந்த பலருக்கு இடை அவ்வளவு எடுப்பாக இராது. அதனால் சுற்றவே முடியாது என்றில்லை, கூடுதலாகத் தள்ள வேண்டியிருக்கும்.

தள்ளும் முறையில்தான் பலர் தவறுகிறார்கள். அம்மி அரைப்பதுபோல இடுப்பை வட்டமாகச் சுழற்றுவது வீண் வேலை. ஒரு காலைச் சற்று முன்னே வைத்து, வளையத்தை முதுகோடு ஒட்டிப் பிடித்து, ஒரே வீச்சில் பக்கவாட்டில் விட்டுவிட்டு, வயிற்றை முன்னும் பின்னுமாகத் தள்ளினால் போதும். வளையம் கீழே இறங்கத் தொடங்கினால் அசைவைப் பெரிதாக்காமல் வேகத்தை மட்டும் கூட்டுங்கள். எளிதாக வரும் திசையிலேயே நாள்தோறும் சுற்றாமல், வராத திசையிலும் பழக வேண்டும்.

தொப்பைக் கேள்விக்கு வருகிறேன். ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், உடல் எடை கூடுதலாக இருந்தவர்களை ஆறு வாரம் ஒன்றரைக் கிலோ வளையம் சுற்றவும் ஆறு வாரம் நடக்கவும் வைத்து ஒப்பிட்ட ஆய்வு 2019இல் வெளிவந்தது. நாளுக்குச் சராசரியாகப் பதின்மூன்று நிமிடம் வளையம் சுற்றியபோது இடுப்புச் சுற்றளவு மூன்று செ.மீ. அளவுக்குக் குறைந்தது, நாளுக்கு ஏறக்குறைய பத்தாயிரம் அடி நடந்தபோது ஒரு செ.மீ. கூடக் குறையவில்லை. இந்த வரியைத்தான் வளையம் விற்பவர்கள் உங்களுக்குப் படித்துக் காட்டுவார்கள். அடுத்த வரியையும் கேளுங்கள்: இரண்டிலுமே உடல் எடை குறிப்பிடும்படி மாறவில்லை. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் வளையத்தால் குறைந்தது. ரத்த அழுத்தத்தின் மேல் அளவு நடையால் குறைந்தது.

ஆகவே, நாயைச் சாக்காக வைத்து நடையை விட்டுவிட நான் உங்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதித் தர மாட்டேன். பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த ஆய்வில் சுற்றியது வாரக் கணக்கில் 90 நிமிடத்தைத்தான் தொடுகிறது. நாய் இருப்பது தெருவில். மொட்டைமாடியிலும் கோயில் பிராகாரத்திலும் நடக்கலாம், உங்கள் ஊரில் பிராகாரத்துக்கா பஞ்சம்?

உங்கள் உடல்நிலை பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் இல்லாததால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எலும்புத் தேய்மானம், முதுகுத்தட்டு விலகல், குடலிறக்கம், கர்ப்பப்பை அடியிறக்கம், அண்மையில் நடந்த வயிற்று அறுவை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மருத்துவரைக் கேட்காமல் வளையத்தைத் தொடாதீர்கள். ரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இது பொருந்தும். சாதாரண உடம்பிலேயே முதல் சில நாட்களில் இடுப்பு கன்றிப்போகும். மற்றவர்கள் இரண்டு மூன்று நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டலாம். மசாஜ் என்ற பெயரில் உட்புறம் குமிழ் வைத்து விற்கும் வளையங்களை வாங்க வேண்டாம். அவை கொழுப்பைக் கரைப்பதில்லை, தோலைத்தான் நீலமாக்கும்.

வளையத்துக்காக மகனை எதிர்பார்க்கவும் தேவையில்லை. பிளம்பிங் சாமான் கடையில், தோட்டத்துக்குத் தண்ணீர் விடப் பயன்படும் முக்கால் அங்குலக் கறுப்புக் குழாயில் மூன்று மீட்டருக்குச் சற்றுக் கூடுதலாக வெட்டி வாங்கி, இரு முனைகளையும் வெந்நீரில் நனைத்து இளக்கி, ஓர் இணைப்பானைச் செருகி மூடினால் உங்கள் அளவுக்கு வளையம் ஆயிற்று. துணியாலான ஒட்டு நாடாவைக் குழாயின் மேல் சாய்வாகச் சுற்றிவிட்டால் இடுப்பில் வழுக்காமல் நிற்கும்.